அப்பா பார்த்துச் சொன்ன பௌர்ணமி

என் அப்பாவும் என் கணவரும் நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட்டு நின்றுபோன பேச்சு என்றால் சமாதானம் செய்துவைக்க ஒரு வழி இருக்கும். இவர்கள் ஆரம்பிக்கவே இல்லை. அப்பா பெண்ணைக் கொடுக்கவில்லை, நானாகப் போய்விட்டேன். ஆகையால் அப்பாவைப் பொறுத்தவரை அவருக்கு மகள் உண்டு, பேத்தி உண்டு, மாப்பிள்ளை என்று ஒருவர் கிடையாது.

நாங்கள் சேதராப்பட்டுப் பக்கத்துக் கழனிக்காரர்கள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். கணவர் புதுச்சேரிக் கடலோரத்துக் குருசுக்குப்பம். அவர் வீட்டில் ஆம்பளைகள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். அதே கம்பெனியில் நான் பேக்கிங். மிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் வீட்டில் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பதினோராம் நாள் வஞ்சிரக் குழம்பு வைத்து எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா மூன்று மாதம் தாங்கினாள். பிறகு ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறி வந்தாள். எந்த ரேஷன் கடைக்கும் காலையில் போனால் திரும்பிவரச் சாயங்காலம் ஆகாது என்று அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

சுனாமி வந்த அன்று காலை நாங்கள் தெருமுனையில் சனங்களோடு சனங்களாக நின்றுகொண்டிருந்தோம். என் கையில் நான்கு மாதக் குழந்தை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா மொபெட்டை முடுக்கிக்கொண்டு ஊரிலிருந்து டவுன் வரைக்கும் வந்திருக்கிறார். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இதுவே எனக்கு ஒரு வாரம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும்.

“வூட்டுக்கு வந்து நின்னாரு. ‘மூணு பேரும் இருக்காங்க’ன்னாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு” என்றாள் அம்மா.

மூணு பேரு. ரெண்டு பேரு என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று வருடத்தை ஓட்டினேன் என்றால் நம்புங்கள்.

மகள் நடக்க ஆரம்பித்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஊருக்கு அழைத்துப் போனேன். கணவர் பைக்கில் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். அப்பா அங்கே பேத்திக்காகக் காத்திருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி இருக்கும். பேச்சு முழுக்கப் பிள்ளை வழியாகத்தான்.

“பாப்பா, உங்கப்பங்கிட்ட சொல்லு. வண்டியில வரும்போது புள்ள காதுல காத்து போவுது, துணி கட்டி எடுத்துக்கினு வரணும்னு.”

“பாப்பா, தாத்தாகிட்ட சரின்னு சொல்லும்மா.”

என் மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு முறுக்கைக் கடிப்பாள். ஒரு சேதியையும் அவள் எடுத்துப் போய்ச் சேர்த்ததில்லை. அடுத்த வாரம் பார்த்தால் அவள் காதைச் சுற்றித் துணி இருக்கும். எங்கள் வீட்டுத் தபாலாபீஸ் அப்படித்தான் நடந்தது.

மகளுக்கு மூன்று வயதான வருடம் ஆயுத பூசைக்குக் கம்பெனியில் குலுக்கல் வைத்தார்கள். குலுக்கலில் எனக்குச் சோப்பு டப்பாவைத் தவிர ஒன்றும் விழுந்தது கிடையாது. அன்றைக்கு முதல் பரிசே விழுந்தது: சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் ஐந்து பேருக்கு ஒரு நாள், ஓர் இரவு. அரியாங்குப்பம் தாண்டிப் போனால் ஆறு கடலில் சேருகிற இடம் அது. படகில் ஏறி அக்கரைக்குப் போய்விட்டால் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் நீளமாக மணல்திட்டு. அந்த மணலில் கூடாரம் போட்டுத் தங்கலாம். படகுச் சவாரி, கேன்டீன் சாப்பாடு எல்லாம் பரிசுச் சீட்டிலேயே அடக்கம்.

ஐந்து பேர் என்று படித்ததுமே என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நாங்கள் மூன்று பேர், அப்பா, அம்மா. அந்த இடம் அவர் வீடும் இல்லை, எங்கள் வீடும் இல்லை. சோறு கேன்டீன் சோறு, யார் வீட்டிலும் கை நனைத்ததாக ஆகாது. ஒரு ராத்திரி முழுக்க எங்கேயும் எழுந்து போக முடியாது, சுற்றிலும் தண்ணீர். இதைவிட நல்ல சிறை எனக்கு எங்கே கிடைக்கும்?

அம்மா மூலமாகச் சேதி அனுப்பினேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பாவுக்குக் கௌரவத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, எதுவும் வீணாகக் கூடாது. மோட்டாரிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழேயும் ஒரு வாழைக்கன்றை வைக்கிற ஆள். சும்மா வந்த சீட்டு, ஐந்து பேருக்கு உள்ளதில் இரண்டு பேருடையது பாழாகப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. வருகிறேன், ஆனால் நாள் நான்தான் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பினார். பொங்கல் கழிந்து வருகிற பௌர்ணமியைக் குறித்தும் கொடுத்தார். அன்றைக்குத் தைப்பூசம், மயிலம் போகணுமே என்று அம்மா இழுத்திருக்கிறாள்.

“முருகன் எங்கயும் போயிடமாட்டான். சீட்டுக்குத்தான் நாள் முடியப் போவுது. பௌர்ணமின்னா நெலா வெளிச்சம் இருக்கும், ராவுல புள்ளைக்கு பூச்சி பொட்டு கிட்ட வந்தாலும் தெரியும்” என்றாராம்.

கணவரிடம் சொன்னேன். “பௌர்ணமியா?” என்று கேட்டுவிட்டு விரலை மடக்கி என்னவோ எண்ணினார். “எட்டு, எட்டரை ஆவும். சரி, வரட்டும். மேட்டுல போட்டுக்கலாம்.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா வருகிறார் என்ற மிதப்பில் நானும் விளக்கம் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் படகுத்துறையில் சேர்ந்தோம். அம்மா, கேன்டீன்காரனை நம்பாமல், ஒரு தூக்குப் புளிச்சோறும் ஒரு பை வறுத்த மல்லாட்டையும் கொண்டுவந்திருந்தாள். அப்பா வெள்ளை வேட்டி சட்டை, தோளில் துண்டு, கையில் வேப்பங்குச்சிக் கட்டு. பல் துலக்க. படகுக்காரர் மிதவைச் சட்டையை நீட்டினார். அப்பா அதைத் தொடவில்லை.

“பாப்பா, உங்கப்பங்கிட்ட கேளு. இத போட்டுக்கினா சட்ட கசங்குமான்னு.”

“பாப்பா, தாத்தாகிட்ட சொல்லு. போடலன்னா படகு கெளம்பாதுன்னு.”

போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டவர் பிறகு கழற்றவில்லை. படகில் ஆற்றைச் சுற்றி வந்து, முகத்துவாரம் வரை போய் ஓங்கில் என்கிற டால்ஃபின் தெரிகிறதா என்று பார்த்து, அது தெரியாமல் திரும்பி, மணலில் இறங்கி, சாப்பிட்டு முடித்து, சாயங்காலம் வரைக்கும் அந்த ஆரஞ்சுச் சட்டையோடுதான் இருந்தார். நான் சிரிப்பை அடக்கியதில் எனக்கு விலா வலித்தது.

படகுக்காரர் ஐம்பது வயதுக்காரர். என் கணவர் படகில் கால் வைத்து ஏறிய விதத்தைப் பார்த்ததுமே, “எந்தூருப்பா நீ?” என்று கேட்டார். குருசுக்குப்பம் என்றதும், இன்னார் மகனா என்று கேட்டு, ஆமாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு என் மாமனாரைத் தெரியும், ஒரே படகில் போயிருக்கிறார்கள். அக்கரையில் கூடார மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “மத்தவங்களுக்குன்னா நின்னு எடம் காட்டிட்டுப் போவேன். உனக்குச் சொல்லணுமா? பாத்துப் போட்டுக்க.” என் கணவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். சொந்த சனத்திடம் கிடைக்கிற மரியாதையே தனி, அது அவர் முகத்தில் தெரிந்தது.

திட்டின் நடுவில், கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில், மணல் மேடாக ஏறி இறங்கியது. மேடு முழுக்க ராவணன் மீசை. அந்தப் புல்லில் கால் வைத்தால் ஊசி ஊசியாகக் குத்தும். ஆற்றுப் பக்கம் கீழே விரிந்த மணல், சாணி மெழுகிய களம்போல அவ்வளவு சமமாக இருந்தது. பிரான்சிலிருந்து ஊர் பார்க்க வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் ஏற்கெனவே மேட்டில் முள்ளை வெட்டிவிட்டுக் கூடாரம் போட்டிருந்தது. அவர்களைப் பார்த்து அப்பா என்னிடம் தாழ்ந்த குரலில், “இம்மாம் எடம் கெடக்குது. முள்ளு மேல போயி படுக்குறாங்க பாரு” என்றார்.

பிறகு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய், நீரோரமாக நான்கு பக்கமும் நடந்து பார்த்து, குதிகாலால் மணலை அழுத்திப் பார்த்து, ஓர் இடத்தில் நின்றார். “பாப்பா, உங்கப்பங்கிட்ட சொல்லு. இங்க போடச் சொல்லு.”

ஆனால் தபாலாபீஸ் மூடியிருந்தது. காலையிலிருந்து ஆடிய ஆட்டத்தில் மகள் என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். கணவர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“அங்க போடக் கூடாது. பௌர்ணமி இன்னிக்கி. ராத்திரி தண்ணி ஏறும். எடமே தெரியாது.”

நான் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், நான் கழனியை விட்டுப் போய் நான்கு வருடத்தில் புத்தி மழுங்கிவிட்டதே என்ற வருத்தம் இருந்தது.

“மழ உண்டாடி? ஒரு பொட்டு மேகம் உண்டா? மழ இல்லாம ஆத்துல தண்ணி எங்கேந்து ஏறும்? எனக்குத் தெரியாத தண்ணியா?” பிறகு குரலை இறக்கினார். “அந்த மேட்ட பாரு, அதுக்கு அந்தாண்ட கடலு. அதும் பக்கத்துல புள்ளைய கொண்டுபோயி படுக்க வக்கவா? கடல நம்ப முடியாது. ஆறு அப்படி இல்ல. இங்கதான் போடணும்.”

அவர் நின்ற இடத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்தத் திட்டில் கடலை விட்டு மிகவும் தள்ளி இருக்கிற இடம் அதுதான். சுனாமி அன்று மொபெட்டில் வந்தாரே, அந்த மனுஷன்தான் இந்த இடத்தையும் பார்த்திருக்கிறார். திரும்பிப் போய்க் கணவரிடம் அவர் சொன்னதைச் சொன்னேன்.

கணவர் மூட்டையை எடுத்துக்கொண்டு பேசாமல் கீழே போய் அப்பா காட்டிய இடத்தில் கூடாரம் அடிக்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா அந்தப் பக்கம் போனதும் போய்க் கேட்டேன்.

“வாயத் தொறந்து நீங்களே சொன்னா இன்னா கொறஞ்சிடும்? கடக்கரையில பொறந்த ஆளு நீங்க.”

அவர் முளையை மணலில் அழுத்திக்கொண்டே சொன்னார். “நாலு வருசம் கழிச்சி பேசப் போறேன். மொதப் பேச்சே ‘நீங்க சொல்றது தப்பு’ன்னா இருக்கணும்?”

அடுத்த முளையை எடுத்துக்கொண்டார்.

“ஏழரைக்கு மேலதான் இங்க வரும். அதுக்கு முன்ன கொசு கடிக்குதுன்னு எதயாச்சும் சொல்லி மேல தூக்கிடலாம். முளைய ஆழமா அடிக்கல, பாரு. நீ பையெல்லாம் சத்தமில்லாம மேல கொண்டுபோயிடு.”

சாயங்காலம் நன்றாகவே போனது. வெயில் இறங்க இறங்கத் தண்ணீரோரம் உள்ளான் குருவிகள் வந்தன, ஓடுவதும் நின்று மணலைக் குத்துவதுமாக. ஒரு கூழைக்கடா பாலத்துப் பக்கமிருந்து பறந்துவந்து ஆற்றில் உட்கார்ந்தது. அப்பா தூங்கி எழுந்த பேத்தியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, “அந்த வாயப் பாரு, ரெண்டு மரக்கா நெல்லு புடிக்கும்” என்று காட்டினார். சிவப்புக் கொடுக்கு நண்டுகள் வளைக்குள் ஓடிப் பதுங்கின. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு வளைக்குள் புல்லை விட்டு நண்டை வெளியே இழுத்தார். வரப்பில் நண்டு பிடித்த கை அது. மகள் கத்திய கத்தலில் உள்ளான்கள் எல்லாம் பறந்துவிட்டன. தள்ளி நின்று என் கணவர் சிரித்தார், அப்பா நிமிர்ந்து பார்த்தார், ஒரு கணம் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். உடனே அப்பா நண்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

தண்ணீரோரம் அப்போதே நாலு முழம் மேலே வந்திருந்தது. அப்பா கவனிக்கவில்லை.

ஆறு மணிக்கு நிலா வந்தது. மகள் ஆடிய ஆட்டத்தில் மறுபடியும் சொக்கினாள். அப்பா அவளைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்துத் தானும் பக்கத்தில் சாய்ந்தார். அம்மா மேட்டில் பிரான்சுக் குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தாள், அங்கே புளி கிடைக்குமா என்று. கேன்டீன் சாப்பாடு ஏழு மணிக்குப் படகில் வரும், இறங்குதுறையில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அவரும் நானும் போனோம். அரை மணிக்குள் திரும்பி வந்து கூடாரத்தைத் தூக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். படகு தாமதமாக வந்தது. அதோடு கடலிலிருந்து காற்று வேறு வலுத்துவிட்டது. காற்று அப்படித் தள்ளினால் தண்ணீரும் முந்திக்கொள்ளும் என்று பிறகு சொன்னார். அப்போது சொல்லவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களை என் கையில் திணித்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா கத்திக்கொண்டிருந்தாள். கீழே கூடாரம் தண்ணீருக்கு நடுவில் நின்றது. சமமாகத் தெரிந்த அந்த மணலுக்கும் மேட்டுக்கும் இடையில் பகலில் தாழ்ந்து கிடந்த வாய்க்கால் முதலில் நிரம்பிவிட்டிருக்கிறது. நிலா வெளிச்சத்தில் பார்க்க நான்கு பக்கமும் வெள்ளை வெளேரென்று தண்ணீர். அதில் அப்பா கணுக்கால் நனைய நின்றார், தோளில் மகள். நல்லவேளை, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“மேல வாங்க, மேல வாங்க” என்று அம்மா கூப்பிடுகிறாள். அவர் அசையவில்லை. ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நாங்கள் நின்ற திசையில்தான் கடல் இரைந்துகொண்டிருந்தது. கடல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷனைக் கடல் பக்கமாக வரச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி ஆற்றின் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தார். அந்தப் பக்கம்தான் ஆழம்.

அதற்குள் கணவர் வாய்க்காலில் இறங்கியிருந்தார். தண்ணீர் முட்டியளவு இருந்தது. ஓடவில்லை, மெதுவாக நடந்து போய் அப்பாவுக்கு எதிரில் நின்றார்.

“மாமா” என்றார்.

அப்பா பார்த்தார்.

“மாமா, இது கடல் இல்ல. ஆத்துத் தண்ணிதான். தெனம் ஏறும், தெனம் எறங்கும். என்ன பாருங்க, வாய்க்கால்லயும் முட்டி வரைக்கும்தான் நனைஞ்சிருக்குது. இப்படியே வாங்க.”

“கடலு அந்தப் பக்கமாச்சே” என்றார் அப்பா. குரல் நடுங்கியது. என் அப்பா குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

“கடலு மேட்டுக்கு அந்தாண்ட இருக்குது. இங்க வராது. நான் இருக்கேன், வாங்க.”

“புள்ளயப் புடி.”

அப்பா பிள்ளையை நீட்டினார். என் கணவர் வாங்கிக்கொள்ளவில்லை. “நீங்களே தூக்கிக்குங்க மாமா. நான் உங்களப் புடிச்சிக்கிறேன்” என்று அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இரண்டு பேரும் கடல் இரைச்சல் கேட்கிற திசையில் நடந்து வந்தார்கள். அப்பா வழியெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார், தண்ணீரைப் பார்க்கவில்லை. மேடேறியதும் நான் மகளை வாங்கிக்கொண்டேன். அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. ராவணன் மீசை எங்கள் எல்லார் காலிலும் குத்தியது.

கணவர் திரும்பிப் போய்க் கூடாரத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தார். அப்பா மணலில் உட்கார்ந்தார். “மழயே இல்லியே” என்றார், என்னிடமும் இல்லாமல் அம்மாவிடமும் இல்லாமல். “மழயே இல்லாம எப்படி வருது?”

“நெலா இழுக்குது மாமா. பௌர்ணமி, அமாவாசையில ஜாஸ்தி ஏறும்.”

“எது வரைக்கும் ஏறும்?”

“எட்டரைக்கு நின்னுடும். அப்புறம் எறங்கும்.”

அப்பா வேப்பங்குச்சி ஒன்றை உருவி, இறங்கிப் போய்த் தண்ணீர் விளிம்பில் நட்டுவிட்டு வந்தார். ஏரியில் மதகு திறந்தால் தண்ணீர் மட்டம் பார்க்க அவர் செய்கிற வேலை அது. சாப்பாடு ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டோம். அப்பா கையைக் கழுவிக்கொண்டு குச்சியைப் பார்க்கப் போனார். நனைந்திருந்தது. இன்னொன்று நட்டார். எட்டரைக்குப் பிறகு நட்ட குச்சி காய்ந்தே நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்து, “நின்னுடுச்சி” என்றார், என் கணவரைப் பார்த்து நேராக. பெயர் கிடையாது, முறை கிடையாது, மொட்டையாக அந்த ஒரு சொல். நான் கூடாரத்துக்குள் மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதையே மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

காலையில் படகுக்காரர் டீ கேனோடு வந்தார். கீழே மணலில் பிடுங்கிய முளைக் குழிகளும், தண்ணீர் ஒதுக்கிவிட்டுப் போன எங்கள் பாயும் கிடந்தன. பார்த்தவுடனே புரிந்துகொண்டார். சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“பௌர்ணமியும் அதுவுமா பள்ளத்துல போட்டியா? சின்னப் புள்ளைய வச்சிக்கினு? வெளியூருக்காரன் போட்டான்னா தெரியாம போட்டான்னு சொல்லலாம். நீ கொருசுக்குப்பத்தான்யா. உங்கப்பனுக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லுவான்? தண்ணி தெரியாத புள்ளையயா பெத்தான் அவன்?”

பிரான்சுக் குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. என் கணவர் முகம் கறுத்துப்போனது. அந்தச் சேதி அன்று சாயங்காலத்துக்குள் குருசுக்குப்பம் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கடக்கரையில் ஒருவனைப் பார்த்துத் தண்ணி தெரியாதவன் என்று சொல்வதைவிடக் கேவலமான வசை கிடையாது. நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கினார்.

“தெரியாம போட்டுட்டேண்ணே. தப்புதான்” என்றார்.

அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். குச்சியைத் துப்பினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு படகுக்காரருக்கும் என் கணவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

“அவர ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க மாப்ள அங்க போட வாணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் போடச் சொன்னேன். தண்ணி தெரியாதவன் நானு. அவர் அப்பாவ பாத்தீங்கன்னா அப்படியே சொல்லுங்க.”

படகுக்காரர் டீயை ஊற்ற ஆரம்பித்தார். என் கணவர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த கூடார மூட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். கட்டி முடிக்க வெகு நேரம் ஆனது. அப்பா இரண்டு டீ டம்ளரை வாங்கி வந்து ஒன்றை அவர் பக்கத்தில் மணலில் வைத்துவிட்டு, அவரை அவர் பாட்டுக்குக் கட்ட விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அடுத்த பௌர்ணமி அன்று சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்தது. அப்பா. எனக்கு அவர் போனே செய்தது கிடையாது, பதறிப்போனேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

“ஒண்ணுமில்ல. மாப்ளகிட்ட குடு” என்றார்.

கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. கணவர் ஜன்னல் வழியாக நிலாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஆமா மாமா. இன்னிக்கும் எட்டரைக்குத்தான். வரீங்களா, கரையில நின்னு பாக்கலாம்.”

அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் அவர் செருப்பு கிடந்த முதல் நாள் அது. கையில் வேப்பங்குச்சிக் கட்டு இருந்தது.